ஜப்பானில் நிலநடுக்கம் கூடிவிட்டதா, கருவிகள் கூடிவிட்டனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் நிஷி-காசாய் பகுதிக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் மாதத்தில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். இட்லிக்கு உளுந்து எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. இங்கே இவ்வளவு அடிக்கடி நிலம் ஆடுகிறதே, முன்பும் இப்படித்தானா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கடையைக் கைகாட்டிவிடலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிப்போகிறது. நான் படித்தது புவி இயற்பியல், பார்ப்பது மென்பொருள் வேலை. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"போன்ல இருக்கிற ஆப் தினமும் நாலைந்து நிலநடுக்கம் காட்டுது. ஜப்பான்ல நிலநடுக்கம் அதிகமாயிடுச்சா?"

இல்லை. ஜப்பானில் மனிதர் உணரும் அளவுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 அதிர்வுகள் பதிவாகின்றன. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு ஐந்து, ஆறு வரும். அதில் பெரும்பாலானவை ஏதோ ஒரு மூலையில் மின்விளக்கை லேசாக ஆட்டிவிட்டுப் போகிறவை. உங்கள் தாத்தா காலத்திலும் அவை வந்துகொண்டுதான் இருந்தன. அன்றைக்கு அதைச் சொல்ல ஆப் இல்லை.

உலகக் கணக்கை எடுத்தாலும் இதே கதைதான். ரிக்டர் 7-க்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் 1900 முதல் சராசரியாக ஆண்டுக்குப் பதினாறு. சில ஆண்டு கூடும், சில ஆண்டு குறையும். ஆனால் உலகம் முழுக்க 1931-இல் ஏறக்குறைய 350 பதிவு நிலையங்கள்தான் இருந்தன, இன்று பல ஆயிரம். சின்ன அதிர்வுகளின் எண்ணிக்கை ஏறியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

"கருவி வைச்சா நிலநடுக்கம் கூடுமா என்ன? எண்ணிக்கை ஏன் ஏறுது?"

வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் நெத்திலியும் மாட்டும். அதற்காகக் கடலில் மீன் பெருகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே நெத்திலிகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் கூட்டன்பெர்க், ரிக்டர் என்ற இருவர் 1940-களில் காட்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. ரிக்டர் அளவில் ஒரு படி இறங்கினால் நிலநடுக்கங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து மடங்காகும். 6 அளவில் ஒன்று வந்த இடத்தில் 5 அளவில் பத்து, 4 அளவில் நூறு, 3 அளவில் ஆயிரம் என்று போகும். ஆகவே ஒரு பகுதியில் 2 வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்த வலையமைப்பு 1 வரைக்கும் பிடிக்கத் தொடங்கினால், பூமியில் எதுவும் மாறாமலேயே பட்டியல் பத்து மடங்கு நீளும்.

"ஒரு நல்ல கருவி போதாதா? எதுக்கு நூற்றுக்கணக்கில்?"

ஒரு கருவி எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும், எந்தத் திசையில் என்று சொல்லத் திணறும். நிலநடுக்கத்திலிருந்து முதலில் வேகமான பி அலையும், பின்னால் மெதுவான எஸ் அலையும் கிளம்புகின்றன. இரண்டுக்கும் இடைவெளி ஒரு விநாடி என்றால் தூரம் சுமார் 8 கிலோமீட்டர். இடி மின்னலை வைத்து மழை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சின்ன வயதில் எண்ணினோமே, அதே கணக்குதான். ஜப்பானின் ஒமோரி ஃபுசாகிச்சி இதற்கு ஒரு சூத்திரமே தந்தார், பள்ளிப் பாடத்தில் இன்றும் அவர் பெயர் உண்டு. மூன்று இடங்களில் தூரம் தெரிந்தால் மையம் கிடைத்துவிடும்.

ஆழம்தான் சிக்கல். எல்லாக் கருவிகளும் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அதிர்வு 5 கிலோமீட்டர் ஆழத்திலா 15-லா என்று பிரிப்பது கடினம். மையத்துக்கு நேர் மேலே, பக்கத்திலேயே ஒரு கருவி இருந்தால் அது தெளிவாகிவிடும். நெருக்கமாக வைப்பதால் எண்ணிக்கை மட்டும் கூடுவதில்லை, இடமும் துல்லியமாகிறது. முன்பு மேகம் மாதிரி சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரு பிளவின் மேல் கோடு போட்ட மாதிரி அமர்வதைப் பார்த்தால்தான் அந்த அருமை புரியும்.

"ஜப்பான்ல எப்பவுமே இப்படித்தானே இருந்திருக்கும்? அவங்க முன்னேறின நாடாச்சே."

இல்லை, இது 1995-க்குப் பிறகு வந்த மாற்றம். அந்த ஆண்டு ஜனவரி 17 அதிகாலை 5.46-க்கு கோபே நகரை அடித்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். அதற்கு முன் வானிலை முகமைக்கு ஒரு வலையமைப்பு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக ஒன்று என்று பதிவுகள் சிதறிக் கிடந்தன. சில பகுதிகளில் கருவிகள் நெருக்கம், சில பகுதிகளில் பெயருக்கு ஒன்றிரண்டு.

கோபேக்குப் பிறகு தனிச் சட்டம் வந்தது. ட்சுகுபா நகரில் உள்ள தேசியப் பேரிடர் ஆய்வு நிறுவனம் இரண்டு வலைகளை விரித்தது. 1996-இல் கே-நெட், பலத்த குலுக்கலை அளக்க நாடு முழுக்கச் சுமார் 1,000 இடங்களில். 2000 முதல் ஹை-நெட், மிக நுண்ணிய அதிர்வைக் கேட்கச் சுமார் 800 இடங்களில், ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு ஒன்று. முகமை, பல்கலைக்கழகங்கள் என எல்லாருடைய பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கணக்கிடும் வேலை 1997 அக்டோபரில் தொடங்கியது. என்னைக் கேட்டால், கருவி வாங்கியதைவிட அவரவர் பதிவைப் பொதுவில் போட வைத்ததுதான் பெரிய சாதனை.

"கருவியை ஏன் கிணறு தோண்டிப் புதைக்கிறாங்க?"

ஹை-நெட் கருவிகள் குறைந்தது 100 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. சைதாமா மாவட்டத்தின் இவாட்சுகியில் 3,500 மீட்டருக்கும் கீழே ஒன்று. காரணம் சத்தம்தான். நிலத்தின் மேற்பரப்பில் ரயில், லாரி, தொழிற்சாலை, மரத்தை ஆட்டும் காற்று எல்லாமே அதிர்வுதான். டோக்கியோ இருக்கும் கான்டோ சமவெளியோ தடித்த வண்டல், கெட்டிப் பாறையைத் தொட இன்னும் ஆழம் போக வேண்டும். மேற்பரப்பிலேயே கருவி வைப்பது, கல்யாண மண்டபத்துக்குள் நின்றுகொண்டு பக்கத்துத் தெருவில் யார் கிசுகிசுக்கிறார்கள் என்று கேட்க முயல்வது போல.

மனிதச் சத்தம் எவ்வளவு என்பதற்கு 2020 ஊரடங்கே சாட்சி. உலகின் பல நகரங்களில் நில அதிர்வுமானிகள் பதிவு செய்யும் பின்னணி இரைச்சல் பாதி வரை குறைந்தது. அதுவரை மறைந்திருந்த சிறு அதிர்வுகள் சில இடங்களில் அப்போது வெளியே தெரிந்தன. கருவி அதேதான், ஊர்தான் அமைதியானது.

"ரிக்டர் மைனஸ்ல ஒரு நிலநடுக்கம் போட்டிருக்கு. அச்சுப் பிழையா?"

பிழை இல்லை. ரிக்டர் அளவு ஒரு மடக்கைக் (லாகரிதம்) கணக்கு, ஒவ்வொரு படியும் மடங்கு மடங்காக ஏறி இறங்கும். பூஜ்யம் என்றால் அதிர்வே இல்லை என்று பொருள் அல்ல. 1930-களின் கருவிகள் பிடிக்கக்கூடிய மிகச் சிறியதுக்கு ஒட்டி அந்தத் தொடக்கப் புள்ளியை வைத்தார்கள். இன்றைய கருவி அதற்குக் கீழேயும் கேட்கிறது, அவ்வளவுதான்.

"ஷிண்டோ 6, ஷிண்டோ 7 எல்லாம் இப்ப அடிக்கடி செய்தியில வருது. முன்னாடி அபூர்வமாமே?"

நல்ல கேள்வி. இதில் பலர் ஏமாறுகிறார்கள். ரிக்டர் என்பது நிலநடுக்கத்தின் பலம், ஒன்றுக்கு ஒரு எண்தான். ஷிண்டோ என்பது நீங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு குலுங்கியது என்பது, அதன் உச்சப் படி 7. பல்பு எத்தனை வாட் என்பது ரிக்டர், உங்கள் மேசையில் எவ்வளவு வெளிச்சம் என்பது ஷிண்டோ. செய்தியில் வருவது எங்கெல்லாம் அளந்தார்களோ அதில் அதிகமான ஷிண்டோ.

1996 வரை ஷிண்டோவை வானிலை நிலைய ஊழியர்கள் உடம்பால் உணர்ந்து, சுற்றிலும் பார்த்துச் சொன்னார்கள். கோபேயில் 7 என்று அறிவித்தது கூட அதிகாரிகள் நேரில் போய் இடிபாடுகளைப் பார்த்த பிறகுதான். 1996 ஏப்ரலிலிருந்து முழுக்கக் கருவியின் கணக்கு. அப்போது சில நூறாக இருந்த அளவிடும் இடங்கள், உள்ளாட்சிகளின் கருவிகளும் சேர்ந்து இன்று 4,000-ஐத் தாண்டிவிட்டன. நான்கு ஊருக்கு ஒரு கருவி இருந்தபோது அதிகம் குலுங்கிய கிராமம் கணக்கிலேயே வராது. இப்போது வருகிறது. ஆகவே அதே பலமுள்ள நிலநடுக்கம் இன்று வந்தால் அதன் "அதிகபட்ச ஷிண்டோ" முன்பைவிட ஒரு படி அதிகமாகப் பதிவாகலாம்.

கருவியில் முதன்முதலாக ஷிண்டோ 7 பதிவானது 2004 அக்டோபர் 23, நீகாத்தா மாவட்டத்தின் காவாகுச்சியில். அந்த எண் உலகுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது, ஏனென்றால் குலுக்கலில் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. அதிகம் குலுங்கும் இடத்தின் பதிவுதான் கடைசியில் வந்து சேரும். வலையமைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது தீராத தலைவலி.

"இவ்வளவு செலவு பண்ணி, நெத்திலியைத் தவிர வேற என்ன கிடைச்சுது?"

யாருமே தேடாத ஒன்று கிடைத்தது. ஹை-நெட் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில், தென்மேற்கு ஜப்பானின் பதிவுகளில் ஒரு முணுமுணுப்பு தெரிந்தது. சாதாரண நிலநடுக்கம் வெடுக்கென்று ஆரம்பிக்கும், பி எங்கே எஸ் எங்கே என்று காட்டலாம். இதற்குத் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஒரே ஒரு கருவியில் பார்த்தால் பக்கத்தில் நெடுஞ்சாலை இருக்கிறது போல என்று ஒதுக்கிவிடுவோம். அப்படித்தான் அதுவரை ஒதுக்கியும் வந்திருப்பார்கள்.

கசுஷிகே ஒபாரா என்ற ஆய்வாளர் பக்கத்துப் பக்கத்து நிலையங்களின் பதிவுகளை அடுக்கிப் பார்த்தார். 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள கருவியிலும் அதே ஏற்றம், அதே இறக்கம், சிறிய நேர வித்தியாசத்தோடு. லாரிச் சத்தம் அத்தனை ஊரில் ஒரே தாளத்தில் கேட்காது. மூலம் சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில், நாங்காய் அகழியில் பிலிப்பைன் கடல் தட்டு (பூமியின் மேலோட்டைப் பிரிக்கும் பெரும் பாளங்களில் ஒன்று) ஜப்பானுக்கு அடியில் நுழையும் பட்டையை ஒட்டி இருந்தது. 2002-இல் இதை வெளியிட்டார். எரிமலையே இல்லாத இடத்தில் ஆழத்திலிருந்து வரும் நடுக்கம், அதற்கு முன் யாரும் அறியாதது.

பிறகு ஹை-நெட் கிணறுகளிலேயே இருந்த சாய்வுமானிகள் இன்னொன்றைக் காட்டின. மேற்கு ஷிகோக்குவில் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை தட்டுகள் சத்தமில்லாமல் பல நாள்கள் எடுத்துக்கொண்டு வழுக்குகின்றன, அந்த நேரத்தில்தான் இந்த முணுமுணுப்பு வருகிறது. மனிதருக்குத் தெரியாமலேயே நடந்து முடிகிற நிலநடுக்கம். கருவிகளை 20 கிலோமீட்டருக்கு ஒன்றாக வைக்காமல் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக வைத்திருந்தால் இன்றும் இதை லாரிச் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்போம்.

"அப்படின்னா 2011 சுனாமி அன்னிக்கு ஏன் 7.9-னு தப்பா சொன்னாங்க?"

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46. முதல் அலை பதிவாகி 8.6 விநாடியில், பலத்த குலுக்கல் வருமுன் சொல்லும் நிலநடுக்க எச்சரிக்கை போனது, மூன்று நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கையும் போனது. வேகத்தில் குறையில்லை. தவறியது அளவில்தான். நிஜம் 9.0, முதல் கணக்கு 7.9. அதை நம்பி மியாகி கரைக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். வந்தது பல இடங்களில் 10 மீட்டருக்கும் மேல்.

பொன் நிறுக்கிற தராசில் நெல் மூட்டையை ஏற்றினால் முள் ஒரு முனையில் போய் நிற்கும், எத்தனை மூட்டை என்று சொல்லாது. உடனடிக் கணக்கு பார்க்கும் முறை குறுகிய கால அதிர்வை நம்பியது. 8-க்கு மேல் போனால் அந்த எண் ஏறாமல் தேங்கிவிடும். நீண்ட அலைகளைக் கேட்கும் அகன்ற அலைவரிசைக் கருவிகளில் நாட்டுக்குள் இருந்தவை, தாம் அளக்கக்கூடிய வரம்பைத் தாண்டிக் குலுங்கி அப்போதைக்குப் பயன்படாமல் போயின. கடலில் மிதந்த ஜி.பி.எஸ். மிதவைகள் கடல்மட்டம் எகிறுவதைக் காட்டிய பின்னர்தான், 3.14 மணிக்கு, மியாகிக்கு 10 மீட்டர் என்று திருத்தினார்கள். கரையின் சில இடங்களுக்கு அந்நேரம் அலை நெருங்கிவிட்டது.

எத்தனை கருவி என்பதோடு என்ன வகைக் கருவி, எந்த முறைக் கணக்கு என்பதும் முக்கியம் என்று சொன்னால் அன்றுவரை பலர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். 2013 மார்ச்சிலிருந்து, அளவு தேங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே எண் எதுவும் சொல்லாமல் "மிகப்பெரியது" என்று அறிவிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. எனக்கு இது பிடித்த மாற்றம். தெரியாததைத் தெரிந்த மாதிரி எண்ணாகச் சொல்வதைவிட இது மேல்.

"கடலுக்கு அடியிலயும் கருவி வைச்சிருக்காங்களாமே?"

ஆமாம். நிலநடுக்கம் கடலில், கருவியெல்லாம் கரையில் என்றால், மேலே ஆழம் பற்றிச் சொன்ன சிக்கல் அப்படியே வரும். 2011-க்குப் பிறகு ஜப்பான் அகழியை ஒட்டி எஸ்-நெட் என்ற வலையை விரித்தார்கள். 150 நிலையங்கள், 5,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கேபிள். அதிர்வை மட்டுமல்ல, மேலே கடல் உயர்வதையும் நீரழுத்தத்தால் அளக்கும். அகழிக்கு அருகே நிகழும் நிலநடுக்கத்தை அதிகபட்சம் 30 விநாடியும், சுனாமியை 20 நிமிடமும் முந்திக் கண்டறியலாம் என்பது கணக்கு. நாங்காய் பக்கம் டோநெட் என்ற வலை முன்பே உண்டு, அதன் மேற்கே என்-நெட்டும் இப்போது சேர்ந்திருக்கிறது.

"கருவி கூடினா தப்பான எச்சரிக்கையும் கூடுமா?"

கூடலாம், கூடியும் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 8 அன்று வகாயாமா மாவட்டத்தில் வெறும் 2.3 அளவுள்ள ஒன்று வந்தது. அதே நேரத்தில் மியே கரைக்கு அப்பால் கடலடிக் கருவி ஒன்றின் தரவில் இரைச்சல் புகுந்தது. கணினி இரண்டையும் சேர்த்து 7.8 என்று முடிவு கட்டி, 34 மாவட்டங்களுக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டது. ரயில்கள் நின்றன. எங்கேயும் ஒரு டம்ளர்கூட ஆடவில்லை.

2011-க்குப் பிந்தைய மாதங்களில் வேறு மாதிரி தவறு. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வந்த சிறு பின்னதிர்வுகளை ஒரே பெரிய நிலநடுக்கமாகக் கணினி படித்தது. இதைச் சரிசெய்யும் புதிய கணக்கு முறை 2016 டிசம்பரில் வந்தது. 2018 மார்ச்சில் இன்னொன்று சேர்ந்தது. அது மையம் எங்கே, பலம் என்ன என்றெல்லாம் பார்ப்பதில்லை. உங்களைச் சுற்றி 30 கிலோமீட்டருக்குள் எவ்வளவு குலுங்குகிறதோ அதை வைத்தே உங்களுக்குச் சொல்லும். கருவிகள் நெருக்கமாக இல்லாத நாட்டில் இந்த வழியே சாத்தியமில்லை.

"கருவியே மாறலைன்னாலும் எண்ணிக்கை மாறுமா?"

மாறும். 2016 ஏப்ரலில் ஜப்பான் வானிலை முகமை தானியங்கிக் கணக்கு முறை ஒன்றைப் புகுத்தியது. ஆள் உட்கார்ந்து பார்க்க நேரமில்லாத சிறு அதிர்வுகளும் பட்டியலில் ஏறத் தொடங்கின. இரண்டே வாரத்தில் குமாமோத்தோ நிலநடுக்கம் வந்தது. அந்த ஆண்டின் வரைபடத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் 2008 முதல் 2017 வரையிலான பழைய பதிவுகளையே எடுத்து, தெரிந்த நிலநடுக்கத்தின் அலை வடிவத்தை அச்சாக வைத்துத் தேடினார்கள். 18.1 லட்சம் நிலநடுக்கங்கள் கிடைத்தன. முன்பு பட்டியலில் இருந்ததைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு, சராசரியாக 174 விநாடிக்கு ஒன்று. 2019-இல் இது வெளியானபோது தலைப்புச் செய்திகள் வேறு மாதிரி வந்தன. அத்தனையும் நடந்து முடிந்த, யாரும் உணராத அதிர்வுகள்.

"அப்போ நிஜமாவே கூடினா எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? எல்லாத்துக்கும் கருவிதான் காரணம்னு சொல்லிட்டா முடிஞ்சுதா?"

முடியாது. "கருவி கூடியதால்தான்" என்பது எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. வழி இதுதான்: பழைய வலையமைப்பும் தவறவிட்டிருக்க முடியாத அளவு எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மேலே உள்ளதை மட்டும் எண்ண வேண்டும். கீழே இருப்பதை ஒப்பிடவே கூடாது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா இதற்கு நல்ல சாட்சி. 2009-க்கு முன் அங்கே 3-க்கு மேற்பட்டவை ஆண்டுக்கு ஒன்றிரண்டு. 2015-இல் ஏறத்தாழ 900. இடையில் கருவிகளும் கூடின என்பது உண்மை. ஆனால் 3 அளவுள்ளதை வீட்டில் இருப்பவர்களே உணர்வார்கள், பழைய கருவிகளும் அதைத் தவறவிட்டிருக்காது. அது நிஜமான ஏற்றம். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதே காரணம். அதைக் குறைத்ததும் எண்ணிக்கையும் குறைந்தது.

எதிர்த் திசையிலும் ஒரு பொறி உண்டு. பெரிய நிலநடுக்கம் முடிந்த முதல் சில மணி நேரத்தில் சின்னப் பின்னதிர்வுகள் பட்டியலில் குறைவாகத் தெரியும். நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரியதின் அலைகள் இன்னும் ஓயாததால் சின்னவை அதற்குள் அமுங்கிப் போயிருக்கும்.

"இத்தனையும் கேட்குதுன்னா, அடுத்தது எப்போன்னு சொல்ல வேண்டியதுதானே?"

சொல்ல முடியாது. நோத்தோ தீபகற்பத்தில் 2020 கடைசியிலிருந்தே சிறு அதிர்வுகள் கொத்தாக வந்துகொண்டிருந்தன, எல்லாம் பதிவாகின. 2024 புத்தாண்டு அன்று 7.6 வரும் என்று அந்தப் பதிவுகள் சொல்லவில்லை.

சொல்ல முடிந்தது வேறு மாதிரியானது. 2024 ஆகஸ்ட் 8 அன்று, நாங்காய் பகுதியின் மேற்கு முனையில் உள்ள ஹ்யூகா கடலில் 7.1 வந்ததும், நாங்காய் பகுதியில் பெரியது வரும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது, ஒரு வாரம் கவனமாக இருங்கள் என்று முதன்முறையாக அறிவித்தார்கள். அந்த வாரம் கடைகளில் தண்ணீர் பாட்டில் கிடைக்கவில்லை. வாரம் முடிந்தது, எதுவும் வரவில்லை, அறிவிப்பை விலக்கிக்கொண்டார்கள். "அப்போ பொய்தானே" என்று ஊரிலிருந்து போனில் கேட்டார்கள். இல்லை. வாய்ப்பு கூடியது என்று சொன்னார்கள், வரும் என்று சொல்லவில்லை.

"நம்ம தமிழ்நாட்ல நிலநடுக்கம் இல்லைங்கிறது, கருவி இல்லாததாலயா?"

பாதி சரி. மொத்த இந்தியாவுக்கும் தேசிய நில அதிர்வு மையத்தின் நிலையங்கள் நூற்றைம்பதுக்குச் சற்று மேல். ஹை-நெட் மட்டுமே 800 என்று மேலே பார்த்தோம், அதுவும் இந்தியாவில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத நாட்டில். ஆகவே ஜப்பானியப் பட்டியலில் வருகிற நெத்திலிகள் நம் ஊர்ப் பட்டியலில் வராது. ஆனால் பெரியவை குறைவு என்பது நிஜம். தமிழ்நாடு தட்டு எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது.

குறைவு, இல்லாமல் இல்லை. 1900 பிப்ரவரி 8-இல் கோவை வட்டாரத்தில் 6-ஐ ஒட்டி ஒன்று வந்தது. 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்ததைச் சென்னைக்காரர்கள் பலர் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். தீபகற்பம் அசையாது என்ற நம்பிக்கை 1993-இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியோடு உடைந்தது, அதன் பிறகுதான் இந்தப் பக்கமும் கருவிகள் மேம்பட்டன.

"இந்தப் பதிவையெல்லாம் நாமளே பார்க்க முடியுமா?"

முடியும். ஹை-நெட் நிலையங்களின் தொடர் பதிவுகள் படமாகவே இணையத்தில் காணக் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தைத் தேடி எடுத்து, ஒரு முழு நாளை விரித்துப் பாருங்கள். நிலநடுக்கம் எதுவும் இல்லாத நாளாக இருந்தாலும் பரவாயில்லை. நகரத்துக்குப் பக்கத்து நிலையம் என்றால் நள்ளிரவுக்கு மேல் கோடு மெலிந்திருக்கும், காலையில் ரயில்கள் ஓடத் தொடங்கியதும் மெல்லத் தடிக்கும்.